நெல் வயலில் சோதனை போடுவது எப்படி: பாத்தி பிரிப்பதிலிருந்து சி.டி. கணக்கு வரை

தழைச்சத்து எவ்வளவு போட்டால் போதும் என்று பார்க்க வயலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் குறைவாகவும் மறுபாதிக்குக் கூடுதலாகவும் யூரியா போட்டு, இரண்டையும் அறுத்து எடை போடுவது பலரும் செய்வது. எடையில் வித்தியாசம் நிச்சயம் வரும். அது யூரியாவால் வந்ததா, அந்தப் பாதி நிலமே முன்பிருந்து செழிப்பானதா என்பதைத்தான் சொல்ல முடியாது. ஒரே உரம் போட்டிருந்தாலும் இரண்டு பாதியும் ஒரே எடை தந்திருக்காது.

இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டட் பண்ணையில் 1843 முதலே உரச் சோதனைகள் நடந்துவந்தன. 1919-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், குவிந்து கிடந்த மகசூல் கணக்குகளோடு மல்லாடித்தான் இன்று நாம் பயன்படுத்தும் முறையை உருவாக்கினார். அதன் அடிப்படை மூன்று: ஒவ்வொரு ட்ரீட்மென்டையும் (ஒப்பிட்டுப் பார்க்கும் ஒவ்வொரு உர அளவையும்) பல பாத்திகளில் திரும்பச் செய்வது (ரெப்ளிகேஷன்), எந்தப் பாத்திக்கு எது என்பதைக் குலுக்கலுக்கு விடுவது, ஒரே மாதிரியான பாத்திகளைச் சேர்த்து பிளாக் ஆக்குவது. இந்த மூன்றையும் நாற்று நடுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். 1938-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் பேசியபோது ஃபிஷர் இதையே சொன்னார்: சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரிடம் வருவது பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுவருவது போல; எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்வார்.

கீழே உள்ளது நான்கு தழைச்சத்து அளவுகளை ஒப்பிடும் ஒரு நெல் சோதனை. ஹெக்டேருக்கு 0, 50, 100, 150 கிலோ. இவற்றை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது: எது ஒரு 'அலகு'?

புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடும். சோதனைகள் பாழாவது பெரும்பாலும் இங்கேதான்.

ட்ரீட்மென்டைத் தனியாக, மற்றவற்றைச் சாராமல் எதற்குக் கொடுக்கிறோமோ அதுதான் அலகு. நம் சோதனையில் அது பாத்தி. ஒரு பாத்திக்குள் 10 குத்துகளைப் பிடுங்கித் தூர் எண்ணினால் 10 எண்கள் கிடைக்கும். ஆனால் அந்தப் பத்துக்கும் உரம் ஒரே கையால் ஒரே தடவையில் விழுந்தது; மண்ணும் ஒன்று, தண்ணீரும் ஒன்று. அவற்றின் சராசரி ஒரே ஒரு அளவீடு, அவ்வளவுதான். இரண்டு பெரிய வயல்களில் ஆளுக்கொரு ட்ரீட்மென்ட் போட்டு, ஒவ்வொன்றிலும் 20 இடத்தில் மாதிரி எடுத்துவிட்டு '20 ரெப்ளிகேஷன்' என்று எழுதினால், உண்மையில் அங்கே இருப்பது ஒரே ஒரு ரெப்ளிகேஷன். இதற்குப் போலி ரெப்ளிகேஷன் என்ற பொருளில் 1984-ல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் பெயர் வைத்தார். அதற்கு முன்பும் பின்பும் அது நிற்கவில்லை.

எத்தனை ரெப்ளிகேஷன்?

இரண்டு எண்கள் தேவை. ஒன்று, ஒரே மாதிரி நடத்தப்பட்ட பாத்திகளுக்குள் மகசூல் எவ்வளவு சதவீதம் ஏறி இறங்கும் என்பது, இதுதான் சி.வி. அதே ஊரில், அதே அளவுப் பாத்தியில் முன்பு நடந்த சோதனையிலிருந்து எடுங்கள். இரண்டு, எவ்வளவு வித்தியாசம் இருந்தால் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்பது. இதைப் புள்ளியியலாளர் சொல்ல முடியாது. பயிர் செய்பவர் சொல்ல வேண்டும். பிறகு:

ரெப்ளிகேஷன் ≈ 16 × (சி.வி. ÷ வித்தியாசம்)²

உண்மையிலேயே அந்த வித்தியாசம் இருந்தால், 5 சதவீத மட்டத்தில் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5 சதவீதம்) அதைப் பிடிக்க சுமார் 80 சதவீத வாய்ப்பு தரும் சூத்திரம் இது. சி.வி. 8, வித்தியாசம் 15 சதவீதம் என்றால் 4.6, அதாவது 5. சி.வி. 12 ஆகிவிட்டால் அதே வித்தியாசத்துக்கு 11 வேண்டும். நிலம் கொஞ்சம் சீரற்றுப் போனாலே செலவு இரட்டிப்பாகிறது என்பதால்தான், பாத்தி சமன் செய்வதிலும் நடவிலும் சிரமம் எடுப்பது ரெப்ளிகேஷன் கூட்டுவதைவிட மலிவு. ட்ரீட்மென்ட் எண்ணிக்கை குறைவாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: பிழையை நம்பிக்கையோடு கணக்கிட (ட்ரீட்மென்ட் − 1) × (பிளாக் − 1) குறைந்தது 12 வர வேண்டும். நமக்கு நான்கு ட்ரீட்மென்ட், ரெப்ளிகேஷனுக்கு ஒன்றாக ஐந்து பிளாக்: 3 × 4 = 12. சரியாக எல்லையில் இருக்கிறோம்.

நிலத்தைப் படித்து பிளாக் பிரித்தல்

வயலில் எந்தத் திசையில் வளம் மாறுகிறது என்று பாருங்கள். வாய்க்கால் மடையிலிருந்து வண்டல் இறங்குவதால் மடைப் பக்கம் ஒரு மாதிரி, கடைசிப் பக்கம் ஒரு மாதிரி இருக்கும். கிழக்கு வரப்பில் தென்னை வரிசை இருந்தால் காலை வெயில் குறையும். கோடையில் எந்த மூலையில் ஆட்டுக்கிடை போட்டார்கள் என்று நிலக்காரரைக் கேட்டே தீர வேண்டும்; கிடை போட்ட இடத்தில் 0 கிலோ பாத்தி விழுந்தால் அது 0 கிலோ அல்ல. சென்ற போகம் வேறொரு உரச் சோதனை நடந்த வயல் வேண்டவே வேண்டாம்.

வளம் மாறும் திசைக்குக் குறுக்காக பிளாக்குகளை அடுக்க வேண்டும். மடையை ஒட்டி முதல் பிளாக், அதற்கு அடுத்து இரண்டாவது, கடைசியில் ஐந்தாவது. ஒரு பிளாக்குக்குள் இருக்கும் நான்கு பாத்திகளும் மடையிலிருந்து ஒரே தூரத்தில், பக்கம் பக்கமாக இருக்கும். பாத்தி நீள்சதுரமாக இருந்தால் நீளப் பக்கம் வளம் மாறும் திசையிலேயே ஓடட்டும். அப்போதுதான் நல்ல மண்ணும் மோசமான மண்ணும் நான்கு பாத்திக்கும் பங்காகும். இதைத் திருப்பிப் போட்டு, பிளாக்கை மடையிலிருந்து கடைசி வரை நீட்டிவிட்டால், பிளாக்குக்குள்ளேயே வித்தியாசம் புகுந்துவிடும். அப்படிப்பட்ட பிளாக்குக்கு பிளாக் இல்லாமலே இருப்பது மேல்.

அளவு: பாத்தி 5 மீட்டர் × 4 மீட்டர். வரப்பு 40 சென்டிமீட்டர் அகலம். பிளாக்குகளுக்கு இடையிலும் இரு முனைகளிலும் 1 மீட்டர் வாய்க்கால். மொத்தம் சுமார் 18 × 31 மீட்டர், ஏறக்குறைய 14 சென்ட்.

உரச் சோதனையில் பெரிய எதிரி தண்ணீர். ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் பாய்ந்தால் யூரியாவும் கூடவே பாயும். 150 கிலோ பாத்தியின் பக்கத்தில் இருக்கும் 0 கிலோ பாத்தி கரும்பச்சையாக நிற்கும். ஒவ்வொரு பாத்திக்கும் வாய்க்காலிலிருந்து தனி மடை வேண்டும். வரப்பைச் சேறு பூசி அணைத்து, நண்டு வளைகளை அடைத்து, முடிந்தால் வரப்புக்குள் பாலித்தீன் தாளை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கிவிடுங்கள். மேலுரம் போட்ட பிறகு சில நாளைக்கு மடை திறக்காதீர்கள்.

சீட்டுக் குலுக்கல்

ஒவ்வொரு பிளாக்குக்கும் தனித்தனியாகக் குலுக்க வேண்டும். ஒரு தடவை குலுக்கி அதையே ஐந்து பிளாக்குக்கும் வைத்தால், 'இ' எப்போதும் 'அ'வுக்குப் பக்கத்திலேயே நிற்கும். நான்கு சீட்டில் அ, ஆ, இ, ஈ எழுதி, மடித்து, ஒவ்வொன்றாக எடுத்து இடமிருந்து வலமாக வையுங்கள். அடுத்த பிளாக்குக்கு நான்கையும் திரும்பப் போட்டு மறுபடி குலுக்குங்கள். எக்செலில் நான்கு எழுத்துக்கும் பக்கத்தில் சமவாய்ப்பு எண் வரவைத்து அதன்படி வரிசைப்படுத்தினாலும் அதேதான். மனதுக்குத் தோன்றியபடி கலைத்து எழுதுவது குலுக்கல் ஆகாது. மனிதர்கள் கலைத்து எழுதும்போது ஒன்றை முதலில் வைக்கத் தயங்குவார்கள். பக்கத்துப் பிளாக்கில் அதே இடத்தில் அதே எழுத்து வராமல் பார்த்துக்கொள்வார்கள்.

குலுக்கலில் ஒரு பிளாக்குக்கு அ, ஆ, இ, ஈ என்று அகர வரிசையிலேயே விழுந்தால் கை துறுதுறுக்கும். மாற்றக் கூடாது. ஒரு பிளாக்கில் அப்படி விழ 24-ல் 1 வாய்ப்பு. ஐந்து பிளாக்கில் ஏதாவது ஒன்றிலாவது விழ ஏறக்குறைய 5-ல் 1. அதிசயம் ஒன்றுமில்லை.

இதே விஷயத்தில்தான் 1930-களில் ஃபிஷருக்கும் வில்லியம் காசெட்டுக்கும் சண்டை. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதியவர் காசெட். திட்டமிட்டுச் சமப்படுத்திய அமைப்பு குலுக்கலைவிடத் துல்லியமானது என்றார். ஃபிஷரின் பதில்: இருக்கலாம், ஆனால் பிழை எவ்வளவு என்று நேர்மையாகக் கணக்கிட அந்த அமைப்பு வழி தராது. வயல் சோதனையைப் பொறுத்தவரை ஃபிஷர் பக்கம் நிற்பதே பாதுகாப்பு. துல்லியத்தை பிளாக்கில் தேடிக்கொள்ளலாம்.

உரம் நிறுத்தல், நடவு, அறுவடை

யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். 50 கிலோ அளவு என்றால் சதுர மீட்டருக்கு 5 கிராம்; 20 சதுர மீட்டர் பாத்திக்கு 100 கிராம் தழைச்சத்து, அதாவது 217 கிராம் யூரியா. 'இ'க்கு 435 கிராம், 'ஈ'க்கு 652 கிராம். இதை மூன்றாகப் பிரித்து அடியுரமாகவும், தூர் கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும் போடுவதானால் ஒரு தடவைக்கு 72, 145, 217 கிராம். வீட்டிலேயே தராசில் நிறுத்து, பாத்தி எண் எழுதிய பையில் கட்டிக்கொண்டு போங்கள். வயலில் நின்று நிறுப்பது வேண்டாம். எல்லாப் பையையும் உலர்ந்த மணல் கலந்து 2 கிலோவாக்கினால் கை வீச்சு ஒரே மாதிரி இருக்கும். 'அ'வுக்கு வெறும் மணல். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவு.

நடவு, களை, அறுவடை எல்லாவற்றிலும் ஒரு விதி: வேலையை பிளாக் பிளாக்காக முடிக்க வேண்டும். ஒரே நாளில் ஐந்து பிளாக்கும் நட முடியாவிட்டால் முதல் நாள் மூன்று பிளாக், மறுநாள் இரண்டு. ஆட்கள் இரண்டு குழுவாக இருந்தால் ஒரு குழுவுக்கு முழு பிளாக். அப்போது நாள் வித்தியாசமும் கை வித்தியாசமும் பிளாக் வித்தியாசத்தோடு சேர்ந்து கழிந்துபோகும். முதல் நாள் எல்லா 'அ'வையும் 'ஆ'வையும் நட்டு, இடையில் மழை பெய்து, மறுநாள் 'இ'யும் 'ஈ'யும் நட்டால், நீங்கள் ஒப்பிடுவது உரத்தையா மழையையா என்று யாரும் சொல்ல முடியாது.

ஓரப் பயிருக்கு வெயிலும் காற்றும் கூடுதல், பக்கத்துப் பாத்தியின் கசிவும் கூடுதல். நான்கு பக்கமும் 50 சென்டிமீட்டர் விட்டு உள்ளே 4 × 3 மீட்டர், 12 சதுர மீட்டரை மட்டும் அறுத்து எடை போடுங்கள். ஓரத்தை முதலில் அறுத்து அப்புறப்படுத்திவிட்டால் கலக்காது. பதர் நீக்கி எடை எடுத்த அன்றே ஈரப்பதமும் பாருங்கள். எடை × (100 − ஈரப்பதம்) ÷ 86 என்று 14 சதவீதத்துக்குத் திருத்த வேண்டும். 20 சதவீத ஈரத்தில் 6.4 கிலோ என்பது 5.95 கிலோ. தழைச்சத்து கூடின பாத்தி தாமதமாக முற்றும், அறுக்கும்போது ஈரம் அதிகமிருக்கும். திருத்தாவிட்டால் தண்ணீரை மகசூலாக எழுதிக்கொண்டிருப்பீர்கள். எடை போடுபவர் கையில் பாத்தி எண் மட்டும் இருக்கட்டும், எது எந்த ட்ரீட்மென்ட் என்ற பட்டியல் வேண்டாம்.

கணக்கு

கணக்குப் பயிற்சிக்காக வைத்த எண்கள் இவை (பாத்திக்குக் கிலோ, 14 சதவீத ஈரம்). வயலில் இவ்வளவு சுத்தமாக வராது.

| | பிளாக் 1 | 2 | 3 | 4 | 5 | மொத்தம் |
|---|---|---|---|---|---|---|
| அ (0) | 4.3 | 4.0 | 4.1 | 3.7 | 3.9 | 20.0 |
| ஆ (50) | 5.4 | 5.3 | 4.9 | 4.8 | 4.6 | 25.0 |
| இ (100) | 6.3 | 5.9 | 6.2 | 5.5 | 5.6 | 29.5 |
| ஈ (150) | 6.0 | 6.2 | 5.6 | 5.6 | 5.1 | 28.5 |
| மொத்தம் | 22.0 | 21.4 | 20.8 | 19.6 | 19.2 | 103.0 |

1. திருத்தக் காரணி: 103² ÷ 20 = 530.45.
2. இருபது எண்களின் வர்க்கங்களையும் கூட்டினால் 543.38. காரணியைக் கழித்தால் மொத்த வர்க்கக் கூடுதல் 12.93.
3. ட்ரீட்மென்ட் மொத்தங்களின் வர்க்கங்களைக் கூட்டி 5-ஆல் வகுத்து, காரணியைக் கழித்தால் 11.05.
4. பிளாக் மொத்தங்களுக்கு அதேபோல, 4-ஆல் வகுத்து: 1.40.
5. மிச்சம் பிழை: 12.93 − 11.05 − 1.40 = 0.48. பிழையின் சுதந்திர எண் மேலே பார்த்த (ட்ரீட்மென்ட் − 1) × (பிளாக் − 1), அதாவது 12, எனவே பிழைச் சராசரி 0.04.

ட்ரீட்மென்டின் சுதந்திர எண் 4 − 1 = 3, அதன் சராசரி 11.05 ÷ 3 = 3.68. எஃப் விகிதம், அதாவது இது பிழைச் சராசரியைப் போல எத்தனை மடங்கு என்பது, 3.68 ÷ 0.04 = 92. அட்டவணையில் 3, 12 சுதந்திர எண்களுக்கு 5 சதவீத மட்டத்தில் 3.49தான். நான்கு அளவும் ஒன்றே என்று இனிச் சொல்ல முடியாது. எது எதிலிருந்து வேறு என்பதற்கு சி.டி. (இரண்டு சராசரிகள் வேறு என்று சொல்லக் குறைந்தது இருக்க வேண்டிய வித்தியாசம்): 2.179 × √(2 × 0.04 ÷ 5) = 0.28 கிலோ. 2.179 என்பது 12 சுதந்திர எண்ணுக்கு டி அட்டவணையில் உள்ள மதிப்பு. 12 சதுர மீட்டர் எடையை ஹெக்டேருக்கு மாற்ற 833-ஆல் பெருக்கினால் சுமார் 230 கிலோ.

சராசரிகள் 4.0, 5.0, 5.9, 5.7. 50-லிருந்து 100-க்குப் போகும்போது 0.9 கிலோ ஏறுகிறது, சி.டி.யைத் தாண்டிவிட்டது. 100-க்கும் 150-க்கும் 0.2தான், சி.டி.யைத் தாண்டவில்லை; அட்டவணையில் இதை என்.எஸ். என்று குறிப்பார்கள். இதை '100-உம் 150-உம் சமம்' என்று எழுதாதீர்கள். இந்தச் சோதனையால் அவற்றைப் பிரித்துக் காட்ட முடியவில்லை என்பதே அதன் பொருள். ஆனாலும் கூடுதலாக 50 கிலோ தழைச்சத்துக்குக் காசு செலவழிக்க இந்த எண்களில் ஒரு காரணமும் இல்லை. தழைச்சத்து, மகசூல் இரண்டும் படிப்படியாக மாறும் அளவுகள் என்பதால், ஜோடி ஜோடியாக ஒப்பிடுவதைவிட ஒரு வளைகோடு பொருத்தி உச்சம் எங்கே என்று பார்ப்பது இன்னும் நல்லது.

பிளாக் எவ்வளவு உதவியது? பிளாக்கைக் கணக்கில் எடுக்காமல் அந்த 1.40-ஐப் பிழையோடு சேர்த்துப் பாருங்கள்: 1.88 ÷ 16 = 0.1175. பிழை மூன்று மடங்கு, சி.டி. 0.28-லிருந்து 0.46-க்கு ஏறுகிறது. இதே துல்லியம் பிளாக் இல்லாமல் வேண்டுமானால் ஒவ்வொரு அளவுக்கும் 5 பாத்திக்குப் பதில் 13 பாத்தி போட்டிருக்க வேண்டும். மடையைப் பார்த்து பிளாக் பிரித்த அரை மணி நேரத்தின் கூலி அது.

எலி தின்ற பாத்தி

மூன்றாவது பிளாக்கில் 'ஆ' பாத்தியை எலி அழித்துவிட்டது என்று வையுங்கள். 0 என்று எழுதுவதும் தவறு, பக்கத்துப் பாத்தியின் எடையை எழுதுவதும் தவறு. புள்ளியியலாளர் ஃபிராங்க் யேட்ஸ் தந்த சூத்திரம்: (4 × ட்ரீட்மென்ட் மிச்சம் + 5 × பிளாக் மிச்சம் − மொத்த மிச்சம்) ÷ 12. மிச்சம் என்பது அந்தப் பாத்தி இல்லாமல் வரும் மொத்தம். இங்கே (4 × 20.1 + 5 × 15.9 − 98.1) ÷ 12 = 5.15. அதை வைத்துக் கணக்கை ஓட்டி, பிழையின் சுதந்திர எண்ணில் ஒன்றைக் குறைத்து 11 ஆக்குங்கள். இன்றைய மென்பொருள்கள் காலி இடத்தை அப்படியே விட்டாலும் சமாளிக்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 'ஈ' பாத்தி சாய்ந்து போனதாலோ, குலைநோய் விழுந்ததாலோ மகசூல் போயிருந்தால் அது தொலைந்த எண் அல்ல. தழைச்சத்து மிகுந்தால் சாய்வதும் நோய் பிடிப்பதும் அந்த அளவின் விளைவு. வந்த எடையை அப்படியே எழுத வேண்டும். ட்ரீட்மென்டுக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் போனால் மட்டுமே சூத்திரம்.

இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சோதிப்பது

உரத்தோடு ரகத்தையும் பார்க்க வேண்டுமானால் இரண்டு தனிச் சோதனை வேண்டாம். இரண்டு ரகம் × இரண்டு உர அளவு என்று நான்கு கூட்டுகளை அதே பிளாக்குகளில் குலுக்கிப் போடுங்கள். எல்லாப் பாத்தியும் இரண்டு கேள்விக்கும் உழைக்கும். கூடவே மூன்றாவது பதிலும் வரும்: ஒரு ரகம் உரத்துக்கு 4.0-லிருந்து 5.0-க்கும், மற்றது 4.2-லிருந்து 6.2-க்கும் ஏறினால், உரத்தின் பலன் ரகத்தைப் பொறுத்தது. 'உரத்தால் சராசரியாக 1.5 கிலோ ஏறியது' என்று அப்போது எழுதினால் அது இரண்டு ரகத்துக்கும் பொருந்தாத எண்.

பாசன முறையைச் சேர்க்கும்போது சிக்கல் வரும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுவதைச் சின்னப் பாத்தியில் செய்ய முடியாது. பெரிய துண்டுக்குத்தான் கொடுக்க முடியும், அதற்குள் சின்னப் பாத்திகளில் ரகமோ உரமோ வரும். இப்போது அலகு இரண்டு, பிழையும் இரண்டு. தண்ணீரின் பலனைப் பெரிய துண்டுகளின் பிழையோடுதான் ஒப்பிட வேண்டும். சின்னப் பாத்தியின் பிழையோடு ஒப்பிட்டால், இல்லாத பலனெல்லாம் 'வித்தியாசம் உண்டு' என்ற நட்சத்திரக் குறியோடு அட்டவணையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்த போகம் சோதனையைத் திரும்பப் போடும்போது வேறு வயல் எடுங்கள், குலுக்கலும் புதிதாக நடக்கட்டும். குறுவையில் கிடைத்த பதில் அந்த வயலின் குறுவைக்கானது; சம்பாவில் வெயிலும் மழையும் வேறு, பயிரின் வயதும் வேறு. பழைய வரைபடத்தையே எடுத்து முளைக்குச்சி அடித்தால், முன்பு 150 கிலோ வாங்கிய பாத்தி மறுபடியும் 150 வாங்கும். மண்ணில் தங்கிய மிச்சமும் புது உரமும் ஒன்றாகக் கலந்துவிடும்.